பூக்கடைக்காரர் மகனும் பீடி சுற்றுகிற வீட்டுப் பெண்ணும் ஒரே பெஞ்சில்

லாரியும் காரும் நேருக்கு நேர் மோதுகின்றன. லாரி காரின் மேல் செலுத்தும் விசை அதிகமா, கார் லாரியின் மேல் செலுத்தும் விசை அதிகமா? யாரிடம் கேட்டாலும், இது என்ன கேள்வி, லாரிதான் என்பார்கள். ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு என்று மனப்பாடமாக எழுதி மார்க் வாங்கியவர்களும் அதையேதான் சொல்வார்கள். சரியான விடை, இரண்டு விசையும் சமம். எடை குறைந்தது என்பதால் காரின் கதி மோசமாகிறது, அவ்வளவுதான்.

எகனாமிக்ஸ் நடத்துகிறவளுக்கு லாரி விபத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். 1992-இல் அமெரிக்காவில் டேவிட் ஹெஸ்டனிஸ் என்ற இயற்பியல் பேராசிரியரும் அவரோடு இரண்டு பேரும் சேர்ந்து, முழுக்க இந்த மாதிரிக் கேள்விகளாகவே கோத்து ஒரு தேர்வை வெளியிட்டார்கள். ஃபோர்ஸ் கான்செப்ட் இன்வென்டரி என்று பெயர். கணக்குப் போட வேண்டாம், ஃபார்முலா வேண்டாம், கொடுத்திருக்கிற விடைகளில் ஒன்றைக் குறித்தால் போதும். அதில் உள்ள தப்பு விடைகளெல்லாம் யாரோ உட்கார்ந்து கற்பனை செய்தவையல்ல, பிள்ளைகளிடம் பேசிப் பேசி அவர்கள் வாயிலிருந்தே எடுத்தவை. ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மசூர் இதற்கு முன்னோடியான தேர்வைத் தன் வகுப்பில் கொடுத்தபோது ஒரு மாணவர், 'நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரி பதில் எழுதவா, இல்ல நான் வழக்கமா நினைக்கிற மாதிரி எழுதவா?' என்று கேட்டாராம்.

எங்கள் பாளையங்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் இப்படிக் கேட்க மாட்டார்கள். கேட்காமலே முடிவு கட்டிவிடுவார்கள்: பரீட்சைக்கு ஒரு பதில், கடைத்தெருவுக்கு வேறு பதில். விலை ஏறினால் வாங்கும் அளவு குறையும் என்கிற தேவை விதிக்கு விளக்கம் எழுதச் சொன்னால் 'பிற காரணிகள் மாறாதிருக்கும்போது' என்று தொடங்கி, படம் வரைந்து, விதிவிலக்கோடு முடிப்பார்கள். அதே பிள்ளையிடம் 'பெட்ரோல் விலை ஏறினா என்னம்மா ஆகும்' என்று கேட்டுப் பாருங்கள். 'விலை ஏறினா தேவை குறையும் மேம், தேவை குறைஞ்சா விலை இறங்கும், விலை இறங்கினா தேவை கூடும், கூடினா மறுபடி ஏறும்...' என்று செக்குமாடு போலச் சுற்றிக்கொண்டே இருப்பாள். எந்த விலைக்கு எவ்வளவு வாங்குவார்கள் என்று காட்டும் தேவைக்கோடு அப்படியே இருக்க அதன் மேல் ஒரு புள்ளி நகர்வது ஒன்று, கோடே இடம் மாறுவது இன்னொன்று. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டும் படத்தை அவள் நோட்டில் இரண்டு கலரில் வரைந்து வைத்திருக்கிறாள் என்பதுதான் வேடிக்கை. பெட்ரோல் கேள்விக்கு அந்த நோட்டைத் திறக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

இயற்பியல்காரர்கள் இந்த வியாதியைக் கண்டுபிடித்ததோடு விடவில்லை, வைத்தியமும் பார்த்தார்கள். மசூர் செய்தது ரொம்ப எளிமை. ஐந்து பத்து நிமிஷம் பாடம், பிறகு போர்டில் ஒரு கேள்வி. யாரோடும் பேசாமல் தனியாக யோசித்து ஒரு விடைக்கு வாக்குக் கொடுக்க வேண்டும். வாக்கு சிதறிக் கிடந்தால், வேறு விடை சொன்ன பக்கத்து ஆளிடம் வாதாடி அவரை மாற்றப் பார்க்க வேண்டும். மறுபடி வாக்கு. அப்புறம்தான் ஆசிரியர் வாய் திறப்பார். ரிச்சர்டு ஹேக் என்பவர் 1998-இல், 62 இயற்பியல் வகுப்புகளில் படித்த ஆறாயிரத்துச் சொச்சம் மாணவர்களின் கணக்கைத் தொகுத்து வெளியிட்டார். வழக்கமான விரிவுரை கேட்டவர்கள், தொடக்கத்தில் தெரியாமல் இருந்ததில் சராசரியாக 23 சதவீதத்தைத்தான் பிடித்திருந்தார்கள்; பேசிப் பழகிய வகுப்புகளில் அது 48 சதவீதம். 2014-இல் அறிவியல், பொறியியல், கணிதம் எல்லாவற்றையும் சேர்த்து 225 ஆய்வுகளை ஒன்றாகப் பார்த்தபோது, விரிவுரை வகுப்புகளில் தோற்றவர்கள் 33.8 சதவீதம், பிள்ளைகளே பேசிச் செய்து படித்த வகுப்புகளில் 21.8 சதவீதம். நம் ஊரில் அரியர் வைத்து அலைகிற பிள்ளைகளைப் பார்ப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று சொல்ல வேண்டியதில்லை.

எகனாமிக்ஸ் ஆசிரியர்களோ சாக்பீஸும் வாயுமாகவே இருந்துவிட்டோம். அமெரிக்காவிலேயே அப்படித்தான். வில்லியம் பெக்கர், மைக்கேல் வாட்ஸ் என்ற இருவர் 1995-இலிருந்து கல்லூரிப் பொருளியல் ஆசிரியர்களிடம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை எப்படிப் பாடம் நடத்துகிறீர்கள் என்று கேட்டு வந்தார்கள். ஒவ்வொரு முறையும் வந்த பதில் அதே சாக்பீஸ்தான்.

சரி, ஆசிரியர்களுக்காவது விஷயம் தெளிவாக இருக்கிறதா? 2005-இல் பால் ஃபெராரோ, லாரா டெய்லர் என்ற இருவர் அமெரிக்கப் பொருளியல் மாநாட்டுக்கு வந்த ஏறக்குறைய 200 பொருளியலாளர்களிடம் ஒரு சின்னக் கேள்வி கேட்டார்கள். வாய்ப்புச் செலவு பற்றியது, அதாவது ஒன்றைத் தேர்ந்தெடுப்பதால் நாம் விட்டுக்கொடுக்கிற அடுத்த நல்ல வாய்ப்பின் மதிப்பு. முதல் வருஷத்து முதல் பாடம். நாலு விடை கொடுத்திருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே 25 சதவீதம் பேருக்குச் சரியாக வந்திருக்கும். வந்தது 21.6 சதவீதம். இதைப் படித்துவிட்டு நானும் எங்கள் டிபார்ட்மென்டில் இன்னொரு மேடமும் அன்று மதியம் முழுக்கச் சிரித்தோம்.

அவர்கள் கேட்டது இசைக் கச்சேரி டிக்கெட் பற்றி. நான் சினிமாவாக மாற்றிக்கொண்டேன். ஒரு படத்துக்கு உங்களுக்கு இலவச டிக்கெட் கிடைத்திருக்கிறது, அதை யாருக்கும் விற்க முடியாது. அதே நேரத்தில் இன்னொரு படம் ஓடுகிறது, டிக்கெட் 120 ரூபாய். அந்தப் படத்தைப் பார்க்க நீங்கள் 150 ரூபாய் வரை கொடுக்கத் தயார். இலவச டிக்கெட்டில் முதல் படத்துக்குப் போனால் வாய்ப்புச் செலவு எவ்வளவு? பூஜ்யமா, 30-ஆ, 120-ஆ, 150-ஆ?

வாக்குப் போட வெளிநாட்டில் கிளிக்கர் என்று ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு விரல்தான். நெஞ்சோடு ஒட்டி விரலை வைத்துக்கொள்ள வேண்டும், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியக் கூடாது, எனக்கு மட்டும் தெரிய வேண்டும். ஒரு விரல் பூஜ்யம், இரண்டு விரல் முப்பது, இப்படி. கையை மேலே தூக்கச் சொன்னால் முதல் பெஞ்சில் இருக்கிற ரேங்க் ஹோல்டரைப் பார்த்துவிட்டு மொத்த வகுப்பும் அவள் பின்னால் தூக்கிவிடும். அதனால் நெஞ்சோடு ஒட்டிய விரல் என்பதில் நான் ரொம்பக் கறார்.

வகுப்பில் பாதிக்கு மேல் ஒரு விரல். ஓசி டிக்கெட், செலவு ஏது? சரியான விடை முப்பது. அந்த இன்னொரு படத்துக்குப் போயிருந்தால் 150 ரூபாய் சந்தோஷம் கிடைத்திருக்கும், அதற்கு 120 கையை விட்டுப் போயிருக்கும், மிச்சம் 30. விட்டுக்கொடுத்தது அந்த மிச்சத்தைத்தான். நான் உடனே சொல்லவில்லை. பக்கத்தில் பேசுங்கள் என்று விட்டுவிட்டேன்.

பேச்சு எங்கே போனது என்றால், மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண், முக்கூடல் பக்கம், வீட்டில் அம்மாவும் பாட்டியும் பீடி சுற்றுகிறார்கள், அவளும் காலேஜ் விட்டுப் போனதும் முறத்தை மடியில் வைத்து உட்காருகிறவள்தான். அவள் சொன்னாள்: 'எங்கம்மா தெனமும் இந்தக் கணக்கத்தான மேம் போடுதாவ. பஸ்ஸு ஃப்ரீதான், மாசம் ஆயிரம் ரூவா வேற வருது, ஆனாலும் நீ காலேஜுக்குப் போற நேரத்துல எத்தன பீடி சுத்தியிருப்பன்னு.' டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. கையிலிருந்து போகிற காசு என்று பார்த்தால் காலேஜ் அவளுக்குக் கிட்டத்தட்ட இலவசம். ஆனால் அவளுடைய அம்மா பாடப்புத்தகம் படிக்காமலே வாய்ப்புச் செலவைப் பிடித்துவிட்டார்.

ஆயிரம் பீடிக்கு இத்தனை கூலி என்ற அந்தக் கூலி முழுக்க வாய்ப்புச் செலவு ஆகிவிடுமா என்று பின்னால் இருந்து ஒரு பையன் மடக்கினான். இன்னொருத்தி பதில் சொன்னாள்: 'கூலிதான் அந்த 150. இடுப்பு வலியும் கண்ணு எரிச்சலும் 120. மிச்சம் என்னவோ அதான் மேம்.' மறுபடி வாக்கெடுத்தபோது பெரும்பாலும் இரண்டு விரல்.

இதை நான் முறையின் வெற்றி என்று ஜம்பம் அடிக்கச் சொல்லவில்லை. இங்கேதான் இயற்பியலும் எங்கள் பாடமும் பிரிகிற இடம் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டுகிறேன்.

லாரிக் கேள்விக்கு ஹார்வர்டில் இருப்பவரும் நாங்குநேரியில் இருப்பவரும் ஒரே தப்பைத்தான் செய்வார்கள். கனமான பொருள் பலமாக இடிக்கும் என்பது மனுஷனாகப் பிறந்த எல்லோருக்கும் இருக்கிற எண்ணம். அதனால் இயற்பியல் வகுப்பில் யாரை யார் பக்கத்தில் உட்கார வைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. எகனாமிக்ஸில் அப்படி இல்லை. ஒரு பிள்ளை எந்தத் தப்பைச் செய்யும், எது அதற்குச் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்திருக்கும் என்பது வீட்டைப் பொறுத்தது. விற்கிற வீடா, வாங்குகிற வீடா, கூலிக்குப் போகிற வீடா, மாதம் ஒண்ணாந்தேதி சம்பளம் வருகிற வீடா. அறிவியல் கல்வி ஆராய்ச்சிக்காரர்கள் 'தவறான முன்கருத்து' என்று ஒரு பெட்டியில் போட்டு அடைப்பதை நாம் அப்படியே எடுத்துக்கொண்டால், தங்கத்தையும் சேர்த்துக் குப்பையில் கொட்டிவிடுவோம்.

மல்லிகையை எடுத்துக்கொள்ளுங்கள். மார்கழியில் கல்யாணம் கிடையாது. பனியில் மொட்டு சரியாக வராது, வரத்து குறையும். அப்படியானால் மல்லிகை விலை ஏறுமா, இறங்குமா, அப்படியே இருக்குமா, இவ்வளவு தகவலை வைத்துச் சொல்ல முடியாதா? புத்தகப்படி நாலாவது. தேவைக்கோடும் இடப்பக்கம் நகர்கிறது, அளிப்புக்கோடும் இடப்பக்கம் நகர்கிறது, விற்கும் அளவு குறையும் என்று உறுதியாகச் சொல்லலாம், விலையைச் சொல்ல எது அதிகமாக நகர்ந்தது என்று தெரிய வேண்டும். நான் இந்த விடையை எதிர்பார்த்துக்கொண்டு நின்றால், சங்கரன்கோவிலில் பூக்கடை வைத்திருப்பவர் மகன் அசராமல் ஒரு விரல். ஏறும்.

தப்பு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். காரணம் கேட்டேன். கல்யாணம் இல்லை சரி, மார்கழியில் கோயிலுக்குப் போகிற மாலையை யார் கணக்கில் எடுத்தது, ஐயப்ப சாமிமார் கூட்டத்தை யார் எடுத்தது, வைகுண்ட ஏகாதசியை யார் எடுத்தது என்றான். தேவை நாங்கள் நினைக்கிற அளவு குறைவதில்லை, வரத்துதான் அடி வாங்குகிறது, அதனால் விலை ஏறும். கேள்வியில் இல்லாத தகவலைக் கொண்டுவந்து இரண்டு கோடுகளில் எது அதிகம் நகர்ந்தது என்று சொல்லியிருக்கிறான், அதுவும் அந்தக் கோடுகளின் பெயரைச் சொல்லாமல். தையில் முகூர்த்தம் தொடங்கும்போது பனி இன்னும் விட்டிருக்காது, ஒரு கோடு வலப்பக்கம் போய்விடும், இன்னொன்று இடப்பக்கமே நிற்கும், அப்போதுதான் விலை பிய்த்துக்கொண்டு போகும் என்று போர்டுக்கு வந்து வரைந்தும் காட்டினான். அதுவரை போர்டுப் பக்கமே வராத பையன்.

அவனுக்குப் பக்கத்து வரிசையில்தான் அந்த முக்கூடல் பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் கேட்டாள், 'விலை அப்படி ஏறினா நாங்க வாங்கவே மாட்டோம், கனகாம்பரம் வச்சிக்கிடுவோம், அப்ப நீ யாருக்கு விப்ப?' பூக்கடைக்காரர் வீட்டில் யாரும் கேட்காத கேள்வி இது. கல்யாண வீட்டுக்காரர் விலையைப் பார்க்க மாட்டார், கோயில் மாலைக்காரரும் பார்க்க மாட்டார், தலைக்கு வைக்கிற நாலு முழக்காரர் உடனே வேறு பூவுக்குப் போய்விடுவார். ஒரே பூவுக்கு மூன்று விதத் தேவை, மூன்று விதமான நெகிழ்ச்சி (விலை மாறினால் வாங்கும் அளவு எவ்வளவு மாறும் என்பதுதான் நெகிழ்ச்சி). அந்த செமஸ்டர் நெகிழ்ச்சிப் பாடத்தை நான் தனியாகத் தொடங்க வேண்டிய அவசியமே வரவில்லை.

அதிலிருந்து நான் வகுப்பில் பெஞ்சை மாற்றி அமைக்கிறேன். எங்கள் பெஞ்சுகள் தரையில் அறைந்தவை, அவை நகராது, ஆட்கள்தான் நகர வேண்டும். ஆண் ஒருபக்கம் பெண் ஒருபக்கம் என்ற வழக்கத்தை உடைக்க ஹெச்.ஓ.டி. ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் நாளானது. முன்பின் பெஞ்சாக வைத்துக்கொள்ளுங்கள், ஒரே பெஞ்சில் என்றால் ஆண்களில் கடைசி ஆளும் பெண்களில் முதல் ஆளும் மட்டும் பக்கத்தில் இருக்கட்டும் என்று ஒரு சமரசம். விற்கிற வீட்டுப் பிள்ளையின் கைக்கெட்டும் தூரத்தில் வாங்குகிற வீட்டுப் பிள்ளை இருக்க வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

தக்காளிக் கேள்வியிலும் இதே கதை. எல்லோர் வயலிலும் விளைச்சல் இரட்டிப்பானால் விவசாயியின் வருமானம் கூடுமா குறையுமா? வாத்தியார் வீட்டுப் பிள்ளைகள், போலீஸ்காரர் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் கூடும் என்பார்கள். ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கத்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள், ரோட்டோரத்தில் தக்காளியைக் கொட்டிவிட்டு வந்ததைப் பார்த்தவர்கள். சரி, உன் வயலில் மட்டும் இரட்டிப்பானால் என்று அடுத்த கேள்வி போட்டால், அதே பிள்ளைகள் 'அப்பவும் நஷ்டம்தான் மேம்' என்று பழைய வருத்தத்திலேயே நிற்பார்கள். அப்போது போலீஸ்காரர் மகன்தான், 'ஒன் ஒரு வயல்ல கூடினா மார்க்கெட்டு வெலையே எறங்கிருமாலே?' என்று கேட்டு வழிக்குக் கொண்டுவந்தான். இரண்டு கேள்வியையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது முக்கியம். தனித்தனியாகப் போட்டால் ஒரு கோஷ்டி ஜெயித்துவிட்டுத் தூங்கிவிடும்.

இயற்பியலிடம் எடுத்துக்கொண்ட இன்னொன்று செய்முறை. இதில் மசூர் குழுவினர் 2004-இல் ஒரு நல்ல விஷயத்தைக் காட்டினார்கள். ஆசிரியர் மேஜையில் செய்து காட்டுவதை வெறுமனே பார்க்கிற பிள்ளைகளுக்கும் பார்க்காத பிள்ளைகளுக்கும் புரிதலில் பெரிய வித்தியாசம் இல்லை. என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பார்க்கிறவர்களுக்குத்தான் நன்றாகப் புரிகிறது. முதலில் வாயை விட வேண்டும், பிறகு பார்க்க வேண்டும். எகனாமிக்ஸில் இதற்குச் சீட்டுக்கட்டு போதும். சீட்டுக்கட்டை வைத்து வகுப்பறைச் சந்தை நடத்துவதை 1996-லேயே சார்ல்ஸ் ஹோல்ட் எழுதிவைத்திருக்கிறார். காலேஜுக்குள் சீட்டுக்கட்டு கொண்டுபோனதற்கு வாட்ச்மேன் அண்ணாச்சி என்னைப் பார்த்த பார்வை தனிக்கதை.

பதினாறு பேர் முன்னால் வருவார்கள். எட்டுப் பேர் வியாபாரிகள், கையில் 10, 9, 8 என்று 3 வரை ஆளுக்கொரு சீட்டு. பத்து என்றால் ஒரு பெட்டி தக்காளிக்கு அதிகபட்சம் 1000 ரூபாய் கொடுக்கலாம். எட்டுப் பேர் விவசாயிகள், கையில் 2 முதல் 9 வரை. இரண்டு என்றால் 200 ரூபாய்க்குக் கீழே கட்டுபடியாகாது. சீட்டை யாரும் யாருக்கும் காட்டக் கூடாது. மற்றவர்கள் உட்கார்ந்த இடத்தில், விலை எங்கே நிற்கும், எத்தனை பெட்டி கைமாறும் என்று பேப்பரில் எழுதி மடித்து வைக்க வேண்டும்.

இதை நான் இரண்டு விதமாக நடத்துகிறேன். முதலில் மாட்டுச் சந்தை முறை. மேலப்பாளையம் சந்தைக்கு அப்பாவோடு போயிருக்கிற பிள்ளைகளுக்குத் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துப் பேரம் பேசுவது தெரியும், என்ன விலைக்கு முடிந்தது என்று அடுத்தவருக்குத் தெரியாது. வகுப்பில் ஆணும் பெண்ணும் துண்டுக்கடியில் விரல் பிடித்தால் மறுநாள் டிபார்ட்மென்டில் விசாரணை நடக்கும் என்பதால் துண்டுச் சீட்டில் விலை எழுதிக் காட்டிக்கொள்ளச் சொன்னேன். அடுத்து ஏலக்கடை முறை. எல்லோரும் சத்தமாக விலை கூவ வேண்டும், முடிந்த விலையை நான் போர்டில் எழுதிக்கொண்டே போவேன். இரண்டு மூன்று சுற்று.

கூவுகிற சந்தையில் இரண்டாவது சுற்றிலேயே விலை 600-ஐ ஒட்டி வந்துவிடும், நாலைந்து பெட்டி போகும். 600-ஓ அதற்கு மேலோ கொடுக்க முடிகிறவர் ஐந்து பேர், 600-க்குள் கட்டுபடியாகிறவரும் ஐந்து பேர் (இருபக்கமும் ஆறாம் நம்பர் சீட்டுக்காரருக்கு லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை), பிள்ளைகள் சீட்டையெல்லாம் கடைசியில் திறந்துபோட்டு எண்ணிப் பார்க்கலாம். ரகசியச் சந்தையில் விலை சிதறிக் கிடக்கும், ஆனால் ஆறேழு பெட்டி கைமாறியிருக்கும். உடனே வகுப்பு, ரகசியம்தான் மேம் நல்லது, நிறைய வியாபாரம் ஆகுதே என்று துள்ளும். லாபத்தைக் கூட்டுங்கள் என்பேன். பத்தாம் நம்பர் வியாபாரி ஒன்பதாம் நம்பர் விவசாயியிடம், ஒன்பது எட்டிடம், இப்படியே மூன்று இரண்டிடம் என்று ஜோடி சேர்ந்தால் எட்டுப் பெட்டியும் விற்கும், ஜோடிக்கு 100 வீதம் மொத்த லாபம் 800 ரூபாய். 600 ரூபாயில் ஐந்து பெட்டி மட்டும் விற்றால் மொத்தம் 2000 ரூபாய். போர்டில் இந்த இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது வகுப்பு அடங்கிவிடும்.

இது நான் கண்டுபிடித்ததில்லை. ஹார்வர்டில் எட்வர்டு சேம்பர்லின் மாணவர்களைத் தங்களுக்குள் தனித்தனியாகப் பேரம் பேச விட்டு, புத்தகம் சொல்கிற சமநிலை (வாங்குகிற அளவும் விற்கிற அளவும் ஒத்துப்போகிற விலை) வரவில்லை என்று 1948-இல் எழுதினார். அவர் கண்டதும் இதுதான், எதிர்பார்த்ததைவிட அதிக விற்பனை. அந்த விளையாட்டில் மாணவராக நின்றவர் வெர்னன் ஸ்மித். பிற்பாடு தானே ஆசிரியரானதும், எல்லோருக்கும் கேட்கும்படி விலை கூவச் சொல்லி, பல சுற்று நடத்தினார். விலை சமநிலைக்கு வந்து நின்றது. 1962-இல் அதை வெளியிட்டார், 2002-இல் நோபல் பரிசு. வகுப்பறை விளையாட்டிலிருந்து ஒரு நோபல் வந்திருக்கிறது என்பதை, 'சீட்டு விளையாடி டைம் வேஸ்ட் பண்றீங்க' என்கிற சக ஆசிரியர்களிடம் நான் சொல்லத் தவறுவதே இல்லை.

பிள்ளைகளிடமிருந்தும் முணுமுணுப்பு உண்டு. 'மேம் பாடமே நடத்த மாட்டேங்காவ, எங்களையே பேசச் சொல்லுதாவ' என்று காதில் விழுந்திருக்கிறது. இதற்கும் இயற்பியல்காரர்களிடமே ஆறுதல் இருக்கிறது. 2019-இல் ஹார்வர்டில் லூயி டெலோரியே குழு செய்த ஆய்வில், தாங்களே மல்லுக்கட்டிப் படித்த மாணவர்கள் தேர்வில் அதிகம் எடுத்தார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாகத்தான் அவர்களுக்குத் தோன்றியது. வழுவழுவென்று விரிவுரை கேட்டவர்களுக்கு எல்லாம் புரிந்த மாதிரி இருந்தது. நோட்ஸ் டிக்டேட் பண்ணினால் எங்கள் பிள்ளைகளுக்கு வருகிற திருப்தியும் இதே ரகம்தான். முதல் வாரத்திலேயே இந்த ஆய்வைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முணுமுணுப்பு நின்றுவிடவில்லை, கொஞ்சம் குறைந்தது.

உண்மையான முட்டுக்கட்டை வினாத்தாள். 'தேவை நெகிழ்ச்சியின் வகைகளை விவரி' என்று பத்து மார்க்குக்குக் கேட்கும்வரை, கைடு வாங்கிப் படித்தவனுக்குத்தான் மார்க். அதனால் நான் முழு வகுப்பையும் மாற்றவில்லை. ஒரு வகுப்புக்கு ஒரு கேள்வி, கால் மணி நேரம், மிச்ச நேரம் சிலபஸ். இன்டர்னல் தேர்வு என் கையில் இருக்கிறது, அதில் மட்டும் மல்லிகையும் தக்காளியும் வரும். கேள்வி தயாரிக்க எங்கும் போக வேண்டாம், திருத்திக் கட்டிவைத்த பழைய பேப்பர் கட்டைப் பிரித்தால் போதும், பிள்ளைகள் தப்பாக எழுதியதையே விடையாகப் போட்டுவிடலாம். ஹெஸ்டனிஸ் செய்ததும் இதுதானே. நானாக யோசித்து எழுதின தப்பு விடைகளை இதுவரை ஒரு பிள்ளையும் நம்பியதில்லை.

சீட்டு விளையாட்டில் இன்னும் ஒரு குறை. களக்காட்டுப் பக்கம் வாழை போட்டிருக்கிற வீட்டுப் பையன் சொன்னது. 'மேம், எங்க ஏத்தன் தாரை யாரு கூட வெல தாரானோ அவனுக்குக் குடுக்க முடியாது. வாழை வைக்கையிலேயே கமிஷன் கடைல முன்பணம் வாங்கியாச்சு. அவரு சொன்ன வெலதான்.' அவன் சொன்னதைத் தப்பான முன்கருத்து என்று யாராவது சொல்லட்டும் பார்க்கலாம். லாரி மோதலில் விசை சமம் என்பதை எந்த ஊரிலும் மாற்ற முடியாது. சந்தையின் விதியைக் கடன் மாற்றும், சாதி மாற்றும், லாரி வாடகை மாற்றும். அவன் பேச்சுக்கு என் பாடப்புத்தகத்தில் இடமில்லை என்றால் பாடப்புத்தகத்தைத்தான் நீட்ட வேண்டும்.

அதனால் அடுத்த செமஸ்டரில் சீட்டோடு ஒரு ரப்பர் பேண்டும் சேர்த்துக் கொடுக்கப்போகிறேன். விவசாயிகளில் மூன்று பேர் கையில் ரப்பர் பேண்ட், அவர்கள் ஆரம்பத்திலேயே ஒரு குறிப்பிட்ட வியாபாரியிடம் 100 ரூபாய் வாங்கியிருப்பார்கள், அவருக்குத்தான் விற்க வேண்டும். மற்றவர்கள் வழக்கம்போலக் கூவலாம். போர்டில் விலை 600-க்கு வருமா, அந்த மூன்று பேருக்கு என்ன கிடைக்கும், ரப்பர் பேண்ட் போடாத விவசாயிகளுக்கு அதனால் லாபமா நஷ்டமா? கடைசிக் கேள்விக்கு என் கணிப்பை எழுதி மடித்து மேஜை டிராயரில் போட்டிருக்கிறேன். களக்காட்டுப் பையனும் ஒன்று எழுதிக் கொடுத்திருக்கிறான், இரண்டும் ஒன்றில்லை என்று மட்டும் தெரிகிறது.